எந்தக் குழாய்?

அந்த எம்ப்ராய்டரி பட்டறையில் அவளுக்குப் பட்டாசு என்று பெயர். வைத்தவர்கள் சும்மா வைக்கவில்லை. யாராவது ஒரு வார்த்தை தப்பாக விட்டால் போதும், வெடித்துவிடுவாள். ஆனால் வேலையில் அவளைக் குறை சொல்ல ஒருத்தருக்கும் வாய் வந்ததில்லை. நூல் வெட்டும் மேசையில் குனிந்து குனிந்து கழுத்து போய், பிசிறு வெட்டி வெட்டிக் கண் எரிந்து, யாரிடமும் கெஞ்சிக் கூத்தாடாமல் மேலே வந்து பெரிய மெஷினைப் பிடித்தவள் அவள்.

அந்த மெஷினுக்குத்தான் கேடு வந்தது. மேலே ஸ்டாண்டில் இருக்கும் நூல்கண்டுகளிலிருந்து ஊசிக்கு வரும் நூல், ஒல்லியான பிளாஸ்டிக் குழாய்களுக்குள் நுழைந்து வரும். அந்தக் குழாய்கள் லூசாகிப் பிடியைவிட்டுக் கழன்றன. ஒரு பூவிதழ் தைத்து முடிப்பதற்குள் நூல் அறும், சிவப்பு விளக்கு எரியும், மெஷின் நின்றுவிடும். இவள் கையால் செருகிவிடுவாள். மெஷின் ஓடுகிற அதிர்வில் அது மறுபடியும் கழன்றுகொள்ளும்.

புருஷன் மெஷின் மெக்கானிக். இந்தப் பட்டறை உட்படப் பல இடங்களுக்குப் போய்வருகிறவன். லீவு நாளில் சாவி வாங்கிக்கொண்டு தனியாக வந்து பழுது பார்த்துவிட்டுப் போவான். ஒரு காலையில் அவன் சட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது சொன்னாள்: "குழாய் லூசா இருக்குங்க. சீக்கிரம் பாத்துடுங்க." அவன் போனிலிருந்து கண்ணை எடுக்காமல் தலையாட்டினான்.

இரண்டொரு நாளில் சமையலறைத் தொட்டிமேல் புத்தம்புது பைப்பு பளபளத்தது. கேட்காமலே மாற்றியிருக்கிறானே மனுஷன் என்று அவளுக்கு ஒரே பெருமை. பக்கத்து வீட்டில்கூடச் சொல்லிக்கொண்டாள். பெருமைப்பட்ட லட்சணம் பிறகுதான் தெரிந்தது.

பட்டறையில் நூல் அறுவது நிற்கவில்லை. துணி துணியாகப் பாழானது. முதலாளியம்மா வந்து பார்த்தாள். அப்போதுதான் செருகியிருந்ததால் குழாய்கள் நல்ல பிள்ளை மாதிரி இருந்தன. லூசு அங்கேதான், வீட்டுக்காரரிடம் எப்போதோ சொல்லியாயிற்று, அவர்தான் இன்னும் பார்க்கவில்லை என்றாள் இவள். முதலாளியம்மா அங்கேயே அவனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். குழாய் லூசு என்று உன் வீட்டுக்காரி சொன்னாளாமே, பார்த்தாயா என்று கேட்டாள். வேறேதோ பட்டறை இரைச்சலுக்கு நடுவிலிருந்து, எந்தக் குழாய் என்று யோசிக்காமலே அவன் கத்தினான்.

"அப்பவே பாத்துட்டேம்மா. புதுசே மாத்திட்டேன்."

முதலாளியம்மா போனை வைத்துவிட்டுப் பட்டாசைப் பார்த்தாள். "அப்போ குழாய்ல ஒண்ணுமில்ல, உன் கைதான் சரியில்ல. நாளைலேர்ந்து வெட்டு மேசைக்குப் போயிடு."

ஹால் முழுக்கக் கேட்டது. கட்டிய புருஷனே இப்படிப் புளுகினால் ஒருத்தி யாரிடம் போய் நியாயம் கேட்பாள்? எல்லார் மேலும் வெடிக்கிறவள் அன்றைக்கு வெடியைச் சாயங்காலத்துக்கு எடுத்து வைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் அவன் வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் பிடித்துக்கொண்டாள். மாற்றிவிட்டேன் என்று எந்த வாயால் சொன்னீர்கள் என்று கேட்டாள். அவன் திருதிருவென்று விழித்தான். பிறகு உள்ளே கூட்டிப்போய்ச் சமையலறைத் தொட்டியைக் காட்டினான்.

"இதோ இருக்கே குழாய்."

"இது பைப்பு. குழாய் என் மெஷின்ல இருக்கு."

"அது டியூபும்மா. குழாய்னா இதுதானே?"

இத்தனை வருஷமாக ஒரே வீட்டில் குடித்தனம் நடத்தி, ஆளுக்கொரு குழாயை வைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கு வரவில்லை. வார்த்தை மாறிப்போனது கிடக்கட்டும். அன்றைக்குக் காலையில் அவள் சொன்னபோதே அந்தப் போனைக் கீழே வைத்து, எந்தக் குழாய் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இவன் வாய் என்ன தேய்ந்தா போயிருக்கும்?

மறுநாள் அவளுடனேயே பட்டறைக்கு வந்தான். நசுங்கிப்போன குழாய் முனைகளை வெட்டியெறிந்தான். பிடிக்குள் கடைசிவரை அழுத்திச் செருகித் திருகை இறுக்கினான். மெஷின் நிற்காமல் ஓடியது. ஓடுகிறது பார் என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கியவனை அவள் வழிமறித்தாள்.

"ஸ்பீக்கர்ல சொன்னீங்கல்ல? இப்போ எல்லாருக்கும் கேக்கற மாதிரி திருப்பிச் சொல்லிட்டுப் போங்க."

அவன் முதலாளியம்மா முன்னால் போய் நின்று, தான் மாற்றியது வீட்டுத் தண்ணீர்க் குழாயை என்று சொன்னான். ஹால் கொல்லென்று சிரித்தது. முதலாளியம்மாவும் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, சரி சரி, மெஷினில் போய் உட்கார் என்று கையை ஆட்டினாள். அவ்வளவுதான். விஷயம் முடிந்ததாம்!

பட்டாசு நகரவில்லை.

"நல்லா சிரிங்கம்மா. ஆனா என் கை சரியில்லன்னு சொன்னீங்களே, அதை வாபஸ் வாங்கிட்டுச் சிரிங்க."

சிரிப்பு அடங்கியது. முதலாளியம்மா எங்கேயோ பார்த்துக்கொண்டு, கைமேல் தப்பில்லை என்று முனகினாள். கடைசி மேசைக்குக் கேட்கவில்லை என்றாள் பட்டாசு. முதலாளியம்மா அவள் முகத்தைப் பார்த்து உரக்கச் சொன்னாள்.

"உன் கைமேல தப்பில்ல."

அதற்கப்புறம்தான் அவள் மெஷினைத் தொட்டாள். சாயங்காலம்வரை ஒரு நூல்கூட அறவில்லை. வீட்டுக்குப் போனதும் சமையலறையின் அந்தப் புது பைப்பைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், குளியலறைக்குப் போய் வாளித் தண்ணீரில் முகம் கழுவிக்கொண்டாள்.