ஒன்றுகூட உடையாத பெட்டி

மரக்காணம் பக்கம் தர்பூசணி லாரியில் காய் அடுக்கும் கூட்டத்துக்கு அந்தோணியம்மாள்தான் தலைவி. யாரும் தேர்ந்தெடுக்கவில்லை, குரல் அப்படி. கீழே எட்டுப் பெண்கள் கை மாற்றி வீசும் காய்களை மேலே நின்று பிடித்து, வைக்கோல் பரப்பி, வரிசையாக உட்கார வைப்பாள். தன் புருஷனைக்கூட அவ்வளவு பத்திரமாக உட்கார வைத்ததில்லை என்பாள்.

அதற்கு முன் பதினாறு வருஷம் உப்பளத்தில் வேலை. பாதமெல்லாம் வெடிப்பு, வெடிப்பெல்லாம் உப்பு. அங்கே திரும்பிப் போவதை நினைத்தாலே அவளுக்குப் பயம். அது மட்டும் வேண்டாம் என்பதுதான் மாதாவிடம் அவள் வைக்கும் ஒரே வேண்டுதல்.

அதனால் ஜூஸ் கம்பெனியிலிருந்து புருஷோத்தமன் என்ற அதிகாரி, சோதனை என்று சொல்லிக்கொண்டு வந்து இறங்கியபோது அவள் மாதாவுக்கு இன்னொரு மெழுகுவத்தி நேர்ந்துகொண்டாள். ஒரு லாரியில் சாக்கு, ஒன்றில் வைக்கோல், ஒன்றில் நீல பிளாஸ்டிக் பெட்டி. எதில் காய் உடையாமல் போகிறதோ, இனிமேல் அதுதான். பெட்டி என்றால் தூக்க இரண்டு ஆம்பளை போதும். இந்தப் பெண்கள் வீட்டுக்குப் போகலாம்.

சாக்கில் போன காய்கள் வழியெல்லாம் ரோட்டுக்கே ஜூஸ் கொடுத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தன. வைக்கோலில் பதினோரு காய் உடைந்தது. பெட்டியில்?

"ஒண்ணுகூட ஒடையலம்மா" என்றார் அதிகாரி, பெற்ற பிள்ளை பாஸான மாதிரி. அந்தோணியம்மாள் அன்றைக்குச் சோறு தின்னவில்லை.

அடுத்த வாரம் நானூறு காலிப் பெட்டிகள் வயலோரம் வந்து இறங்கின. அறுவடைக்கு இன்னும் நாலு நாள் இருந்தது. எங்கள் ஊருக்கு நாலு நாள் ரொம்ப அதிகம். அறுவடை அன்று நூற்றைம்பதுதான் மிச்சம். மற்றவை மீன் கூடையாகி, கோழிக்கு வீடாகி, திருவிழாவில் ஸ்பீக்கருக்கு மேடையாகிவிட்டன. இத்தனை வருஷமாக அதே வயலோரம் கிடந்த வைக்கோலை மாட்டைத் தவிர யாரும் தொட்டதில்லை.

அறுவடையைத் திங்கட்கிழமைக்குத் தள்ளிவிட்டு, அதிகாரி வீடு வீடாக விசாரித்துக்கொண்டு அந்தோணியம்மாள் வீட்டுக்கும் வந்தார். அவர் உட்கார ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு, டீயும் கொடுத்தாள். பாதி டீ குடித்த பிறகுதான் அவர் கீழே பார்த்தார்.

"இது எங்க பொட்டியாச்சேம்மா?"

மறைத்துப் பேசுவது அவளுக்குப் பழக்கமில்லை. "ஆமா சார். நல்ல பொட்டி. ஊரே எடுத்துனு போயி நாலு நாளாவுது, ஒண்ணுகூட ஒடையல."

அவர் மீதி டீயைக் குடித்துவிட்டு எழுந்து போனார். திங்கட்கிழமை வயலுக்கு வைக்கோல் போட்ட லாரிதான் வந்தது. எட்டுப் பெண்களும் கீழே வரிசை கட்ட, அந்தோணியம்மாள் மேலே ஏறினாள்.