அடைத்த கடலில் ஒரு கப்பல்

கேட்டால் மறுக்கமாட்டார் என்று அறிந்தவரிடத்துக் கேளாமல் நிற்றல் ஓர் அறம். இல்லாதவர் இரவாதிருப்பதில் மானம் உண்டு. கொடுக்கும் மனமுள்ளார் முன் வாய்மூடி நிற்பதிலோ மானத்தினும் பெரிதொன்று உண்டு. அவர் உடைமையைத் தன் தேவையினின்று காக்கும் அன்பு அது. கிழக்குக் கடலிலுள்ள மிசோல் தீவின் தென்கரையில் அவ்வறம் ஒர்ப்பா என்னும் பெண்ணிடம் குடிகொண்டிருந்தது.

ஆண்டில் பாதி அவள் கப்பலில் இருப்பாள். பன்னிரண்டு பயணிகளோடு தீவு தீவாகச் செல்லும் மரக்கப்பல் அது. ஆனைத்திருக்கை மீன்கள் எந்தக் கால்வாயில் வந்து மிதக்கும், முன்னோர் செங்காவியில் பதித்த கைகள் எந்தப் பாறையில் தெரியும் என்று காட்டுவது அவள் பணி. மறுபாதி ஊரில் கழியும். அங்கே அடைத்த கடலைக் காக்கும் பெண்களுக்கு அவளே தலைவி.

ஊரை அடுத்த காயலைச் சென்ற ஆண்டு ஆலயத்தில் செபித்து அடைத்திருந்தார்கள். எல்லையில் தென்னங்குருத்துக் கட்டிய கழிகள் நின்றன. திறக்கும் ஞாயிறு வரும்வரை அங்கே தூண்டில் விழாது; வலை விழாது; மனிதக் கால் அடிமண்ணில் படாது. திறந்தபின் எடுக்கும் கடலட்டையும் சிப்பியும்தான் ஊர்ப்பிள்ளைகள் பட்டணத்தில் தங்கிப் படிக்க வழி.

மே மாதக் கடைசியில் தென்கிழக்குக் காற்று முன்னதாகவே எழுந்து கப்பலைத் துரத்தியது. ஒதுங்குவதற்கு அந்தக் காயலை விட்டால் வேறிடமில்லை. உள்ளே புகுந்ததும் தலைமாலுமி டயெங் சிருவா நங்கூரத்தை இறக்கச் சொன்னார். ஒர்ப்பா ஓடிச்சென்று சங்கிலியின்மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"எறக்காதீங்க, டயெங்."

"எறக்காம? தலையில வெச்சுக்கிட்டு ஆடவா?"

"ஆடுங்க. அடியில படக்கூடாது. இது அடைச்ச கடல்."

"காத்துக்கு அது தெரியுமா?"

"காத்துக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியுமே."

டயெங் நோன்பிருப்பவர், நேர்ந்துகொண்டதன் கனம் அறிந்தவர். முணுமுணுத்துக்கொண்டே எந்திரத்தை ஓடவிட்டுக் கப்பலை நடுநீரில் நிறுத்தினார். ஒருபுறம் செங்குத்துப் பாறை. அதன் பொந்துகளில் முன்னோர் எலும்புகள் துயின்றன. அங்கே கயிறு கட்டலாகாது. எதிர்க்கரையில் உறுதியான மரங்கள் நின்றன. ஆனால் அவற்றின் முன்னே பவளத்திட்டு விரிந்து கிடந்தது. கப்பலின் சிறுபடகு அதில் இடிக்கும்; இறங்கி நடந்தால் கால் படும்; கப்பலின் கயிறும் அவ்வளவு தூரம் எட்டாது.

நாட்கள் நகர்ந்தன, கப்பல் நகரவில்லை. கடலாமை பக்கத்திலேயே தலைதூக்கி மூச்செறிந்துவிட்டு மூழ்கிற்று. இருவாய்ச்சிகள் மேலே சிறகொலித்துப் பறந்தன. அவற்றைக் காண உலகின் மறுகோடியிலிருந்து வந்தவர்கள் கம்பியைப் பற்றி நின்றார்களேயன்றி எந்திரம் சுழலும் நீரில் ஒரு விரலையும் நனைக்க இயலவில்லை. எந்திரத்தின் அதிர்வு தட்டிலும் தலையணையிலும் பல்லிலும் புகுந்து நின்றது. ஒரே முகங்கள், ஒரே சோறு, ஒரே புகைநாற்றம். பேச்சு குறைந்தது, பேசியவையும் முள்ளாய் இருந்தன. எல்லாருடைய பார்வையும் ஒர்ப்பாவின் முதுகில் வந்து தைத்தது. தான் காத்த வேலிக்குள் தானே அடைபட்டதாக அவளுக்குத் தோன்றிற்று.

எண்ணெய் மறுநாளோடு தீரும் என்று எந்திரக்காரர் சொன்ன பொழுதில், ஹாலந்திலிருந்து வந்திருந்த மார்கிட் என்னும் மூதாட்டி அவளருகே வந்தார்.

"உங்க ஊருக்கு ரேடியோவில பேசலாமே. போதகர் செபம் பண்ணித் தெறந்துவிடட்டும்."

"கேட்டா தெறந்துடுவாங்கம்மா."

"அப்புறம் என்ன?"

"அதான் பயம்."

ஒருவருக்காகத் திறந்த கடல் எல்லாருக்கும் திறந்ததே; அதுதான் முறை. அடுத்த தீவின் மறைவில் வெளியூர் முக்குளிப்புப் படகுகள் காற்றுக்கு ஒதுங்கிக் காத்துக் கிடந்தன. செபம் முடிந்த நாழிகையில் அவை உள்ளே வந்து ஓராண்டுக் காவலை ஒரே பகலில் வாரிக்கொண்டு போகும்.

ஒர்ப்பா ரேடியோவை எடுத்தாள். எதிர்முனையில் அவள் அண்ணன் மனைவி சலோமினா.

"ஓ, கப்பல்காரி! ஊரு ஞாபகம் வந்துடுச்சா? ஒங்க பொகைதான் ரெண்டு நாளா எங்க துணிமேல படியுது. நங்கூரம் போட்டியா?"

"கப்பல் மூக்குமேல காயுது, அண்ணி."

சலோமினாவின் குரல் தணிந்தது. "போதகர் பக்கத்துலதான் நிக்கறாரு. தெறக்கணும்னா ஒரு வார்த்தை சொல்லு. இத்தன உசுரு இருக்கறப்ப ஊர்ல யாரும் மறுத்து வாயத் தெறக்கமாட்டாங்க."

'தெறங்க' என்று ஒரு வார்த்தை போதும். பின்னால் பயணிகள் நெருங்கி வந்தார்கள். டயெங் எண்ணெய் முள்ளைப் பார்த்தார். ஒர்ப்பா கண்ணை மூடித் திறந்தாள்.

"கயிறு இருக்கா, அண்ணி?"

"என்ன கயிறு?"

"ஊர்ல இருக்கற கயிறெல்லாம்."

"துணி காயப்போடறதுமா?"

"அதுவும்."

"ஒங்கண்ணன் பன்னியக் கட்டியிருக்காரு."

"பன்னிக்கும் ஒரு நாள் விடுதலை குடுங்க. இங்க யாருக்குமே இல்ல."

மறுமுனையில் சிரிப்பு வெடித்தது.

பொழுது சாயுமுன் மரத்தைக் குடைந்து செய்த ஊர்த்தோணிகள் வந்தன. கையகல ஆழத்திலும் அவை மிதக்கும். படகுக் கயிறு, பிரம்புக் கொடி, ஆலயமணிக் கயிறு என அனைத்தையும் மூன்று மூன்றாக முறுக்கி, எதிர்க்கரை மரங்களில் கட்டி, பவளத்திட்டின்மேல் தோணியிலிருந்தபடியே நீட்டிக் கப்பலுக்குக் கொடுத்தார்கள். ஒரு பாதமும் நீரில் இறங்கவில்லை. டயெங் ஒவ்வொரு முடிச்சையும் இழுத்துப் பார்த்துவிட்டு எந்திரத்தை நிறுத்தினார்.

அமைதி வந்து விழுந்தது. காற்று ஓயவில்லை, எவரும் எங்கும் போகக்கூடவில்லை. அன்றும் அதன் மறுநாளும் கப்பல் அங்கேயே கட்டுண்டு கிடந்தது. கடலும் அடைத்தபடியே கிடந்தது.

ஒர்ப்பாவின் மனையில் அடுப்பு என்றும் எரிக. அவள் மக்கள் போகும் திசையெல்லாம் துறை வாய்க்க. அவள் வாசலுக்கு வருவோர் கேளாமலே பெறுக. இறைவன் நிழல் அக்கூரையின்மேல் நீங்காது நிற்க.