சாம்பிராணி போட்ட அறை

சாம்பிராணி மணம் இன்றும் எனக்கு நடுக்கம் தரும்.

ஸ்காபரோவில் கடும் பனிக்காலம். கைக்குழந்தையை முழுகவார்த்து, தலைக்குச் சாம்பிராணி காட்ட, யன்னல்களை இறுக்கிப் பூட்டிய அறைக்குள் மனைவி தணல்சட்டி வைத்திருந்தாள். நான் வேலையால் வந்தபோது, சுவரிலிருந்து கழற்றிய கார்பன் மொனொக்சைட் அலாரம் தலையணைக்கு அடியில் கத்திக்கொண்டிருந்தது.

"சாம்பிராணிப் புகைக்குத்தான் கத்துது, விடுங்கோ," என்றாள், கண்ணைத் திறக்காமலே.

அறையில் புகையே இல்லை. தணல் மட்டும் சிவந்து கிடந்தது. அவ்வளவு சத்தத்துக்கும் குழந்தை அசையவில்லை.

மகனை அணைத்து, அவளையும் இழுத்துக்கொண்டு வெளியே ஓடினேன். பனிக்காற்று முகத்தில் அடித்த பிறகுதான் அவன் வீரிட்டு அழுதான். தணலிலிருந்து வந்த நச்சு வாயுவுக்கு நிறமோ மணமோ இல்லை என்றார் பிறகு வந்த தீயணைப்புக்காரர்.

இப்போதும் அவன் அழுதால் உடனே தூக்குவதில்லை. அன்று கேட்காமலே போயிருக்கக்கூடிய அந்தச் சத்தத்தைச் சற்று நின்று கேட்பேன்.