டீமனும் தீர்த்தமும்

போன வருடம் தவக்காலத்தில், திண்டுக்கல்லில் எங்கள் வீட்டில் நடந்தது இது. மகன் துபாயில் இருக்கிறான். மருமகள் எங்களோடு இருந்து, வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறாள். நான் எட்டாவது வரை படித்தவள். அவள் எனக்குச் சொன்ன மாதிரியே சொல்கிறேன். பெரிய கம்பெனிகளில் சர்வர் என்று பீரோ பீரோவாக அடுக்கி வைத்திருப்பார்களாம். அந்த சர்வர் அணைந்து கிடந்தாலும், உள்ளே ஒரு சின்ன சில்லு மட்டும் விழித்திருந்து சூடு, காற்றாடி, கரண்ட் எல்லாம் கவனிக்குமாம். அந்தச் சில்லுக்குள் போகிற லினக்ஸ் என்கிற புரோகிராமை, கம்பெனி கேட்கிறபடி மாற்றி, எல்லாம் ஒன்றாகச் சேர்த்து பில்டு பண்ணி ஏற்றுவது இவள் வேலை. பில்டு முடிய மணிக்கணக்காகும். "பில்டு ஓடுது அத்த" என்று வந்து எனக்கு வெங்காயம் உரித்துத் தருவாள். அதனால் அந்த பில்டு மேல் எனக்குத் தனிப் பிரியம்.

ஏற்றிப் பார்ப்பதற்கு கம்பெனி அந்தச் சில்லு பதித்த ஒரு பச்சைப் பலகை அனுப்பியிருந்தது. ரெண்டு குட்டிக் காற்றாடியோடு அது சாப்பாட்டு மேசையில் ஏறிக்கொண்டது. நாங்கள் தரைக்கு இறங்கினோம்.

அந்த வாரம் மருமகள் முகமே சரியில்லை. வெள்ளிக்கிழமை பெரிய அதிகாரிகளுக்கு அந்தப் பலகை சரியாக ஓடுவதைக் காட்ட வேண்டும். இல்லையென்றால் இவள் பெங்களூர் ஆபீசுக்கே போய்விட வேண்டும், எப்போது திரும்புவாள் என்று தெரியாது. எனக்குச் சோறு இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவள் போனில் யாரிடமோ பேசியது காதில் விழுந்தது. "காலையிலயும் அந்த டீமன் செத்திருச்சு. இப்பப் புதுசா ஒண்ணு ஏத்தியிருக்கேன். உள்ள எம்புட்டோ டீமன் ஓடுது, இது ஒண்ணுதான் உசுர வாங்குது."

எனக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் டீமன் என்றால் பேய் என்று தெரியும். கோயிலில் தியானம் கொடுக்க வந்த வெளியூர்ச் சாமியார் அந்த வார்த்தையைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்.

வீட்டுக்காரரிடம் ஓடினேன். "என்னங்க, மேசையில இருக்கதுக்குள்ள பேய் இருக்காம்."

"அப்ப சீக்கிரம் கெளப்பிவிடு. மேசையில ஒக்காந்து சாப்புட்டு ஒரு மாசமாச்சு" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார்.

வேளாங்கண்ணியிலிருந்து கொண்டுவந்த தீர்த்தம் அலமாரியில் இருந்தது. மருமகள் தண்ணீர் குடிக்க அடுப்படிக்குள் போன நேரம் பார்த்து, பலகைக்கு மேல் சிலுவை போட்டு, "பிதா சுதன் பரிசுத்த ஆவியின் பெயராலே" என்று தெளித்துவிட்டேன்.

ரெண்டு காற்றாடியும் ஓவென்று அலற ஆரம்பித்தன. காலண்டர் படபடத்தது. அதுவரை பேய் ஓட்டிப் பார்த்திராத நான் அங்கேயே முழங்காலில் விழுந்து, "போயிரு சாத்தானே, எம் மருமகள விட்டுப் போயிரு" என்று கத்தினேன்.

லேப்டாப்பிலிருந்து ஒரு ஆண் குரல் கேட்டது. "யாரும்மா அது?"

மீட்டிங் ஆரம்பித்திருந்தது. கேமரா பலகையைப் பார்த்தபடி இருந்திருக்கிறது.

ஓடிவந்த மருமகள் என்னையும் பாட்டிலையும் பார்த்தாள். அழுதுகொண்டே விஷயத்தைச் சொன்னேன். "டீமன்னா பேய் இல்ல அத்த. சத்தமில்லாம பின்னால நின்னு வேல பாக்குற புரோகிராம். ஒண்ணு சூடு பாக்கும், ஒண்ணு காத்தாடி ஓட்டும்" என்றாள். சூடு பார்க்கிற சென்சார் கம்பியின் முனையில் தண்ணீர் விழுந்திருந்தது. இவள் வேலை போச்சு, என்னால் போச்சு என்று நினைத்தேன்.

அப்போது லேப்டாப் குரல் சொன்னது: "சென்சார் போயிருச்சு, ஆனா டீமன் சாகல பாருங்க. காத்தாடியும் முழு வேகத்துல ஓடுது." சூடு தெரியாமல் போனால் காற்றாடியை முழு வேகத்தில் ஓட்டி சர்வரைக் காப்பாற்ற வேண்டுமாம். அதற்குப் பதில் அந்த டீமன் செத்துச் செத்து விழுந்ததுதான் அத்தனை நாள் கோளாறு. அன்றைக்கு ஏற்றிய புதுசில் அது சரியாகிவிட்டதை நான் எல்லார் முன்னாலும் காட்டியிருக்கிறேன்.

"டெஸ்ட் பண்ணுனது யாரு?"

"எங்க அத்த, சார்."

அங்கே சிரித்த சிரிப்பில் வீட்டுக்காரர் எழுந்து வந்துவிட்டார்.

பலகையைத் துடைத்துக் காயவைத்ததும் பழையபடி ஓடியது. பெங்களூர்ப் பயணமும் நின்றது. அவள் என்னைத் திட்டவில்லை. "எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல அத்த" என்று மட்டும் சொன்னாள். அதுதான் சுருக்கென்றது. ஒரு மாதமாகப் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தவளிடம், உனக்கு என்ன கஷ்டம் என்று நான் கேட்டதே இல்லை.

நேற்று பலகை பாதியில் நின்றுபோக, "கர்னல் பேனிக்" என்று தலையில் கை வைத்தாள். பட்டாளத்து ஆள் யாருக்கு என்ன ஆச்சு என்று வாய்வரை வந்தது. அடக்கிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து, "அப்புடின்னா என்ன தாயி?" என்றேன். ஆண்டவரிடம் எத்தனையோ வருடமாகப் பேசுகிறேன். வீட்டில் இருக்கிற பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்க அவர் எனக்குக் கற்றுக்கொடுத்தது அந்த வெள்ளிக்கிழமைதான்.