இன்னாசித்தம்பி தூக்கிப் பார்த்த பாரம்

விசர், பைத்தியம் என்று சொல்லுகிற வாயை முதலில் மூடுங்கோ. சனிக்கிழமை தவறாமல் கரவன் விற்கிற வளவுக்குப் போய், ஒவ்வொரு கரவனின் மூக்கையும், அதுதான் காரோடு கொளுவுகிற முன்முனையை, குனிந்து இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்து வைக்கிறவன் விசரன் என்றால், மாடு வாங்கப் போய்ப் பல்லைப் பிடித்துப் பார்க்கிறவனும் விசரன்தான். காருக்குப் பின்னால் கொளுவி இழுக்கிற சின்ன வீடு அது. இன்னாசித்தம்பியின் காரோ நாலு பேர் ஏறினாலே முனகும். பின்னால் வருவது அடக்கமாக வராவிட்டால் இந்த டென்மார்க் காற்று காரையும் சேர்த்து வயலுக்குள் இறக்கிவிடும். பார்த்துத்தானே எடுக்கவேண்டும்?

விபோர்க் நகரில் அவனுக்குக் கீழ்வீட்டில் இருக்கிற ராசமலர்தான் கதையைக் கிளப்பினாள். "பெஞ்சாதி செத்து வருசம் திரும்பேல்லை, மனிசன் உல்லாசப் பயணம் வெளிக்கிடுது."

உல்லாசமாம். எண்பத்தைந்தில் அவன் மனுசி அருமைநாயகி, இங்கே அவனிடம் வந்து சேருவதற்கென்று மன்னாரிலிருந்து இராமேஸ்வரத்துக்கு வள்ளம் ஏறினாள். வள்ளம் கவிழ்ந்தது. மற்றவர்களைக் கடல் கரைக்குக் கொண்டுவந்து போட்டது. அவளை மட்டும் போடவில்லை. அவள் தம்பி யோசேப் இங்கேதான், ஓகூஸ் நகரில் இருக்கிறான். வருசப் பூசைக்கு நாள் குறித்துவிட்டான். இன்னாசித்தம்பி மறுத்துவிட்டான்.

"கண்ணாலை காணாத சாவுக்கு நான் மெழுகுதிரி கொளுத்தமாட்டன். அவள் கடலாலை வாறவள். நான் மூண்டாம் மாடியிலை இருந்தா எப்பிடித் தேடிப் பிடிப்பாள்? மேற்குக் கடற்கரையிலை போய் நிக்கப்போறன்."

அதற்குத்தான் கரவன்.

டேனிஷ் மொழி பேச அவனோடு போனவன் குணசேகரம். இருவருக்கும் ஒரே இறைச்சித் தொழிற்சாலையில் வேலை. பேய் பிசாசு என்றால் சிரிக்கிற ஆள் குணசேகரம். அவனே கண்டதைத்தான் சொல்லுகிறேன். காற்றுவாக்கில் கேட்டதை இல்லை.

விற்கிற கிழவன் நிறைக் கணக்கு எழுதிய கடதாசியை நீட்டினான். இன்னாசித்தம்பி அதைத் தொடவில்லை. ஊரில், முருங்கனில், மாட்டுவண்டில் ஓட்டி, பிறகு உழவு இயந்திரத்தில் பெட்டி கொளுவி இழுத்தவன் அவன். "முன்பாரம் கூடினா மாட்டின்ரை கழுத்து முறியும். பின்பாரம் கூடினா நுகம் எழும்பி மாட்டைத் தூக்கும். காருக்கும் அதே கதைதான், தம்பி."

பெரிய யன்னல் வைத்த ஒன்று குணசேகரத்துக்குப் பிடித்துப்போனது. இன்னாசித்தம்பி அதன் மூக்கை ஒரு கையால் தூக்கினான். "வடிவுதான். ஆனா றோட்டிலை வாலாட்டும்." அடுத்தது அசையவே இல்லை. "இது காரின்ரை இடுப்பை முறிச்சுப்போடும்."

மூன்றாவது மூலையில் நின்றது. சின்னது, முதுகு வளைந்தது, கூரையில் பாசி. தூக்கினான், தூக்கியபடியே நின்றான்.

"குணம், உள்ளை ஆரும் நிக்கினமோ?"

"பூட்டிக் கிடக்கண்ணை."

"நடக்கினம். பின்னாலையிருந்து முன்னுக்கு வருகினம்."

குணசேகரம் சிரித்துக்கொண்டே கை கொடுத்தான். இரும்பு அவன் உள்ளங்கையை மெல்ல அழுத்தியது. நின்றது. மறுபடி அழுத்தியது. ஆள் அடியெடுத்து வைப்பதுபோல. கிழவன் திறப்பைக் கொண்டுவந்து திறந்து காட்டினான். மெத்தையில்லாத பலகைக் கட்டில், ஒரு மடக்கு மேசை. வேறொன்றுமில்லை.

காரில் கொளுவி ஓட்டிப் பார்த்தார்கள். இரண்டு பக்கமும் கடுகு மஞ்சளாய்ப் பூத்த வைகாசி மாதம். லொறிகள் உரசிக்கொண்டு போயின. கரவன் ஒரு ஆட்டம் ஆடவில்லை, நிழல்போல வந்தது. ஆனால் வளைவு வரும்போதெல்லாம் காரின் பின்பக்கம் பதிந்தது. பிரேக் அடித்தால் பாரம் முன்னுக்கு வருவது வழமைதானே என்று குணசேகரம் கீழே பார்த்தான். இன்னாசித்தம்பியின் கால் இன்னும் பிரேக்குக்குப் போகவே இல்லை.

"அண்ணை, நீங்கள் அடிக்க முன்னமே…"

"நான் அடிக்கப்போறன் எண்டு அவளுக்குத் தெரியும்," என்றான், நேரம் என்ன என்று கேட்டதற்குப் பதில் சொல்லுகிறவன்போல. "ஊரிலை வண்டிலிலை நெல்லு மூட்டைக்கு மேலை இருந்து வருவாள். மதகு வர முதலே முன்னுக்குச் சாய்ஞ்சிடுவாள்."

வளவுக்குத் திரும்பும்வரை குணசேகரம் கைகளை முழங்காலுக்கிடையில் வைத்துக்கொண்டிருந்தான்.

அந்தக் கரவனைத்தான் எடுத்தார்கள். எடுக்கிற அன்று குணசேகரம் கடையில் ஆறு தேசிக்காய் வாங்கி வந்தான். காருக்கு நாலு, கரவனுக்கு இரண்டு. புது வாகனம் என்றால் சில்லுக்குக் கீழே தேசிக்காய் வைத்து நசித்து, கூட வந்ததை விரட்டிவிட்டுத்தான் எங்கள் சனம் ஓட்டும். வேதக்காரனாய் இருந்தும் இன்னாசித்தம்பி முருங்கனில் அதை ஒருநாளும் தவறவிட்டவனில்லை. அன்றைக்குக் குனிந்து ஆறையும் பொறுக்கி எடுத்தான்.

"வேண்டாமடா. ஆரைக் கலைக்கப் பாக்கிறாய்?"

பூசை நாள் காலையில் யோசேப் கறுப்புக் கோட்டுடன் மூன்றாம் மாடிக்கு ஏறி வந்தான். பையைக் கீழே கொண்டுபோகக் குணசேகரமும் படியில் நின்றான். கதவுக்கு உள்ளே ஒடுங்கிய நடை, யோசேப் குறுக்கே நின்று மறித்தான்.

"அத்தான், சனம் கோயிலிலை பாத்துக்கொண்டு நிக்குது. என்ரை அக்காவை ஒருக்கா நிம்மதியா அனுப்பி வைப்பம்."

"நீ போய்ப் பூசையைக் கேள், ராசா. நான் தடுக்கேல்லை," என்றான் இன்னாசித்தம்பி. "நாங்கள் வெளிக்கிடுறம்."

யோசேப்பை விலத்திக்கொண்டு வாசலைத் தாண்டி வெளியே வந்தான். கதவைச் சாத்தவில்லை. பின்னால் வருகிற ஆளுக்குப் பிடிப்பதுபோல ஒரு கையால் பிடித்தபடி, திரும்பிப் பார்க்காமல், நின்றான். யோசேப் முதுகைச் சுவரோடு ஒட்டி, இரண்டு காலையும் உள்ளுக்கு இழுத்து, வழி விட்டான்.