இசக்கிமுத்துவின் ஆறு பாயிண்டு

கிளப்புக்கு வருகிறவர்கள் கேரம் ஆட உட்காரும் முன் நோட்டீஸ் பலகையில் இருக்கும் இதைப் படியுங்கள். இன்று மதியம் நடந்தது.

ஜில்லா கூடைப்பந்து முகாமுக்கு நம் தேயிலை எஸ்டேட்டிலிருந்து ஒரு பெயர் அனுப்பலாம். நம் டீமில் சென்டர் ஆடும் இசக்கிமுத்துவுக்கு வயது பத்தொன்பது, உயரம் ஆறடி நாலங்குலம். வேறு யாரை அனுப்புவது?

டீம் செக்ரட்டரி நம் பாக்டரி ஆபீசர். நான் எழுதும் ஸ்கோர் நோட்டை வாங்கி, அவன் பாயிண்டுகளைக் கூட்டி, ஆட்டங்களால் வகுத்தார்.

“இவ்வளவு உசரத்துக்கு ஆட்டத்துக்கு ஆறு பாயிண்டுதான். ரெண்டு வருசத்துக்கு மேல இவன் ஓட மாட்டான்வே.”

“சார், அவன் பாதி ஆட்டந்தான ஆடுதான்?”

“நோட்டுல அப்படி எங்க இருக்கு?”

இல்லை. அதற்கு நான் கட்டம் போடவில்லை. அந்த முட்டாள்தனம் என்னுடையது.

ஆனால் அதே நோட்டில், அவன் நிற்கும் முதல் பாதியில் பலமான மறையூர் டீம்கூடப் பத்துப் பாயிண்டைத் தாண்டவில்லை. அவன் போன பிறகு முப்பது அடிக்கிறார்கள். அதைக் காட்டினேன். நோட்டை மூடினார். முகாம் படிவத்தில் ‘தகுதியானவர் யாரும் இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

ஒவ்வொரு ஆட்டத்திலும் இடைவேளையில் கோர்ட் ஓரம் வந்து நின்று, “கொழுந்து லாரி வந்துருச்சு, மூட்டை இறக்கணும், வாலே” என்று அவனைக் கூட்டிக்கொண்டு போவது யார்? அதற்கும் என் நோட்டில் கட்டம் இல்லை.

பார்த்தவர்கள் அந்த ஆளின் பெயரைக் கீழே எழுதுங்கள். பென்சிலை நூலில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். ஆபீசரும் எழுதலாம், அவருக்குத்தான் நன்றாகத் தெரியும்.