தானாக விழுந்த வெட்டு

என் கையெழுத்தையும் பிழைகளையும் பொறுத்துக்கொள்ளுங்கள். படித்தது ஐந்தாம் வகுப்புதான்.

குற்றாலம் அருவியில் நாங்கள் நான்கு பேர் காவல். ஒருவர் மேலே பாறையில் நின்று, தண்ணீர் செம்மண் நிறமானதும் விசில் ஊதுவார். கீழே நாங்கள் குளிப்பவர்களை வெளியேற்றுவோம். இந்த வருஷம் அரசுக்கு வரவு குறைந்ததாம். எல்லாச் செலவிலும் கால்வாசி தானாகவே வெட்டு. மேலே நின்றவருக்கு வேலை போனது.

“கம்ப்யூட்டரே வெட்டிருது அண்ணாச்சி, நான் என்ன செய்ய?” என்றார் அதிகாரி.

“அப்போ அருவியையும் காவாசி கொறச்சு விழச் சொல்லுங்க சார்,” என்றார் வேலை போனவர். எனக்கு அப்படிப் பேச வராது.

ஆனாலும் மனசு கேட்காமல், மழையன்று அவர் மேலே ஏறிவிட்டார். வெள்ளம் வந்தபோது அவர் விசிலால்தான் கூட்டம் தப்பியது. மறுநாள் அதிகாரி சிரித்தார்: “பாத்தீங்களா, ஆளக் கொறச்சும் ஒண்ணும் ஆவல!”

அந்த மூளைக்கு மட்டும் முழுச் சம்பளம்.

ஆனி 22, சனிக்கிழமை.